இரசாயனவியலில் பட்டப்பின் படிப்பு: வன்னியிலிருந்து விண்ணப்பிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் இருந்துகொண்டு இரசாயனவியலில் மேலே படிக்க நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது. பட்டம் முடித்தவர்களுக்கும் இறுதி வருடத்தில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். கட்டணம், முடிவுத் திகதி போன்றவை வருடாவருடம் மாறும். அவற்றை அந்தந்தப் பல்கலைக்கழக அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி., எம்.பில்., பிஎச்.டி. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறவேண்டிய படிகளா?

இல்லை. அப்படி நினைத்துத்தான் பலர் இரண்டு வருடத்தை வீணாக்குகிறார்கள்.

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில், அதாவது எல்லாரும் எஸ்.எல்.கியூ.எஃப். என்று சொல்வதில், மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் (இப்போது கௌரவப் பட்டம் என்கிறார்கள்) 6ஆம் மட்டம். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. முதுதத்துவமாணி என்ற எம்.பில். 11ஆம் மட்டம், குறைந்தது இரண்டு வருட முழுநேர ஆய்வு. கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம், குறைந்தது மூன்று வருடம்.

நல்ல வகுப்போடு சிறப்புப் பட்டம் பெற்றவர் எம்.எஸ்சி.யைத் தொடாமலே எம்.பில்.லுக்குப் பதியலாம். வேலை நன்றாகப் போனால் இடையில் பிஎச்.டி.க்குப் பதிவை உயர்த்தவும் முடியும். எம்.எஸ்சி. என்பது பெரும்பாலும் வகுப்பும் பரீட்சையும். எம்.பில். என்பது ஒரு மேற்பார்வையாளர், ஒரு கேள்வி, ஒரு ஆய்வேடு, கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. ஒன்றுக்குப் பழகியவர் மற்றதில் திணறுவது சாதாரணம்.

அறிவித்தலில் வெறுமனே "முதுமாணி" என்று இருக்கிறது. 9ஆ 10ஆ என்று எப்படித் தெரியும்?

கிரெடிட்டைக் கூட்டுங்கள். 30 அல்லது அதைச் சற்றுத் தாண்டினால் 9. ஒரு வருடத்தில் முடியும் என்று போட்டிருந்தாலும் அநேகமாக 9தான். பின்னர் பிஎச்.டி. செய்யும் எண்ணம் இருந்தால் 9ஆம் மட்டத்தோடு நிற்காதீர்கள். ஆய்வுக் கூறு இல்லாத முதுமாணியை ஆய்வுப் பட்டத்துக்கான அனுபவமாக எடுக்கமாட்டார்கள். சில பாடநெறிகளில் முதல் வருடப் புள்ளிச் சராசரி போதுமானதாக இருந்தால் இரண்டாம் வருடம் ஆய்வுக்குப் போய் 10ஆம் மட்டத்தில் வெளியேறலாம். அந்தக் கதவு இருக்கிறதா, எந்தச் சராசரிக்குத் திறக்கும் என்பதைப் பதியும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

என்னுடையது மூன்று வருடப் பொதுப் பட்டம். வழி அடைபட்டுவிட்டதா?

அடைபடவில்லை, ஆனால் வளைந்து போகவேண்டும். பொதுப் பட்டத்தில் இரசாயனவியல் ஒரு பாடமாக இருந்தால் பெரும்பாலான எம்.எஸ்சி. பாடநெறிகளுக்கு விண்ணப்பிக்கலாம். நேரடியாக எம்.பில்.லுக்குப் போவது கடினம். 10ஆம் மட்ட முதுமாணியை நல்ல சராசரியோடு முடித்துவிட்டு அங்கிருந்து ஆய்வுப் பட்டத்துக்குப் போவதுதான் உங்கள் பாதை.

வெளிநாடு போவதாக இருந்தால் இன்னொரு சிக்கல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, நான்கு வருடப் பட்டத்தை எதிர்பார்க்கும். மூன்று வருடப் பட்டத்தோடு விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் பட்டதாரி அனுமதி அலுவலகத்துக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டு உறுதி செய்யுங்கள். கட்டிய பணம் திரும்பாது.

ராஜகிரியவில் உள்ள இரசாயனவியல் நிறுவகத்தின் கிராஜுவேற்சிப் பாடநெறி ஒரு பட்டப்பின் தகைமையா?

அல்ல. இலங்கை இரசாயனவியல் நிறுவகம் 1979 முதல் நடத்தும் நான்கு வருடப் பாடநெறி அது. சிறப்புப் பட்டத்துக்குச் சமமாக எடுக்கப்படுகிறது. அதை முடித்தவர் எம்.எஸ்சி., எம்.பில். இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே சிறப்புப் பட்டம் உள்ளவர் அதைத் திரும்பச் செய்வதில் பயனில்லை.

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படித்தேன் / கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயம் அல்லது தொழில்நுட்பம் படித்தேன். இரசாயனவியலுக்கு மாறலாமா?

பட்டத்தின் பெயரை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பெறுபேற்றுத் தாளை எடுங்கள். இரசாயனவியல் என்று சொல்லக்கூடிய பாடங்களைக் கோடிட்டு கிரெடிட்டைக் கூட்டுங்கள்: பகுப்பாய்வு, பௌதிக, சேதன, அசேதன இரசாயனவியல், உயிரிரசாயனவியல், மண் இரசாயனவியல், நீரின் தரம். செய்முறைப் பாடங்களைத் தனியாகக் குறியுங்கள். தெரிவுக்குழு பார்ப்பது இதைத்தான். ஆகவே விண்ணப்பத்தோடு இந்த ஒரு பக்கப் பட்டியலையும் இணைத்துவிட்டால் அவர்களுடைய வேலை குறையும், உங்கள் விண்ணப்பம் மேலோட்டமாகத் தட்டிக்கழிக்கப்படுவதும் குறையும்.

இந்தப் பின்னணிக்குப் பகுப்பாய்வு இரசாயனவியலும் சுற்றாடல் இரசாயனவியலும் இயல்பாகப் பொருந்தும். சேதனத் தொகுப்பு அல்லது கோட்பாட்டு இரசாயனவியலில் எம்.பில். கேட்டால், சேதனப் பொறிமுறையும் சக்திச் சொட்டு (குவாண்டம்) இரசாயனவியலும் எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் நேரம் போகும்.

எங்கெங்கே படிக்கலாம்?

பக்கத்தில் இருப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். திருநெல்வேலியில் உள்ள விஞ்ஞான பீடத்தின் இரசாயனவியல் துறையில் எம்.பில்., பிஎச்.டி. ஆய்வு செய்யலாம். பதிவு பட்டப்பின் படிப்புகள் பீடத்தின் ஊடாக நடக்கும். பாடநெறி எம்.எஸ்சி. தேடுவோர் அதிகம் போவது பேராதனையில் 1996இல் தொடங்கிய விஞ்ஞான பட்டப்பின் படிப்பு நிறுவகத்துக்கு. பகுப்பாய்வு இரசாயனவியல், சுற்றாடல் விஞ்ஞானம் முதலியவை அங்கே உண்டு. களனியில் கைத்தொழில், சுற்றாடல் இரசாயனவியல். ஸ்ரீ ஜயவர்தனபுரவில் பல்பகுதியம், அதாவது பொலிமர் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும். இறப்பர், பிளாஸ்ரிக் தொழிற்சாலை வேலையைக் குறிவைப்பவர் கடைசியாகச் சொன்னதைப் பார்க்கலாம்.

கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தானாகப் பட்டம் வழங்காது. ஆய்வு உதவியாளராக எடுத்து மாதப்படி கொடுத்து, பேராதனை நிறுவகம் போன்ற ஒன்றில் எம்.பில். அல்லது பிஎச்.டி.க்குப் பதியவைக்கும். கையில் பணமில்லாத, ஆனால் முழுநேரம் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு உள்நாட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு குறைவு.

வேலை செய்துகொண்டே வார இறுதியில் எம்.எஸ்சி. செய்யலாமா?

கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவெடுங்கள். பாடநெறியில் ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள். 30 கிரெடிட் என்றால் 1500 மணி. 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 29 மணியளவில் வரும். சனி, ஞாயிறு வகுப்பில் 14 மணி போனால், மிச்சம் 15 மணியை வேலை நாட்களில் கண்டுபிடிக்கவேண்டும். நாளுக்கு மூன்று மணிநேரம்.

இதில் பயணம் சேரவில்லை. ஏ9 வீதி கண்டியில் தொடங்குவதால் கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து நேர் பஸ் உண்டு. வெள்ளி இரவு ஏறினால் சனி காலை வகுப்புக்குப் போய்விடலாம். ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலை வேலைக்கு நிற்கலாம். இரண்டு மாதம் இதைச் செய்துவிடலாம். ஆறாவது மாதம்தான் ஆட்கள் கழன்றுவிடுகிறார்கள். மாதத்தில் எத்தனை வார இறுதி நேரில் வரவேண்டும், எத்தனை இணையவழி, வரவு எத்தனை வீதம் இருந்தால் பரீட்சை எழுதவிடுவார்கள் என்பவற்றை முன்கூட்டியே கேளுங்கள். முல்லைத்தீவின் உட்பகுதியில் இருப்பவர் கண்டியில் அறை எடுக்கும் செலவையும் கட்டணத்தோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

நான் பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியை. எம்.எஸ்சி. செய்தால் கல்விப் பட்டப்பின் டிப்ளோமா தேவைப்படாதா?

தேவைப்படும். அது கற்பித்தலுக்கான தொழிற்தகைமை, எம்.எஸ்சி. பாட அறிவுக்கான தகைமை. ஒன்று மற்றதன் இடத்தைப் பிடிக்காது. சேவையில் புதியவர் என்றால் டிப்ளோமாவை முதலில் முடியுங்கள். முழுநேர எம்.பில்.லுக்குக் கற்கை விடுமுறை வேண்டுமென்றால், வலயக் கல்வி அலுவலகம் ஊடாக விண்ணப்பம் மேலே போய்த் திரும்பிவர மாதங்கள் எடுக்கும். அனுமதி கையில் வரமுன் பதிவுக் கட்டணம் கட்டிவிடாதீர்கள். சம்பளத்தோடு விடுமுறை பெற்றால் பிணை கையொப்பமிட வேண்டிவரும். எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்ற இரண்டு வரியையும் வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

மேற்பார்வையாளரை எப்படிப் பிடிப்பது?

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன். எம்.பில்., பிஎச்.டி.யில் மேற்பார்வையாளர் சம்மதிக்காத விண்ணப்பம் பெரும்பாலும் நகராது.

துறையின் பக்கத்தில் ஒவ்வொருவருடைய கடைசி மூன்று, நான்கு வருடக் கட்டுரைகளைப் பாருங்கள். அதற்கு முந்தியதைப் பார்த்து எழுதினால், அவர் விட்டுவிட்ட துறையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஒருவருக்கு ஒரு கடிதம். 150 சொல் போதும்: என்ன பட்டம், என்ன வகுப்பு, இறுதி வருட ஆய்வில் உங்கள் கையால் என்ன செய்தீர்கள், எந்தக் கருவியை இயக்கத் தெரியும், அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த இடம் உங்களை இழுத்தது. பெறுபேற்றுத் தாளும் இரண்டு பக்கத் தன்விபரமும் இணைப்பில். பேராசிரியை ஒருவருக்கு "டியர் சேர்" என்று அனுப்பினால், அதே கடிதம் இருபது பேருக்குப் போயிருக்கிறது என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும். இரண்டு வாரம் பாருங்கள், ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு அடுத்தவர்.

பதில் வந்தால் நீங்களும் கேள்வி கேட்கவேண்டும். இதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். தேவையான கருவி துறையிலேயே இருக்கிறதா, வேலை செய்கிறதா? வெளியே அனுப்புவதென்றால் மாதிரி ஒன்றுக்கு யார் கட்டுவது? இரசாயனப் பொருட்களுக்கு மானியம் இருக்கிறதா, அது எப்போது முடிகிறது? இப்போது எத்தனை மாணவர், அவர்களில் கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் எடுத்தது? இறுதிக் கேள்விக்கான பதில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். முடிந்தால் அந்த ஆய்வுகூட மாணவரிடமும் கேளுங்கள்.

எங்கள் ஊர்க் கிணற்று நீரைப் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன். முன்மொழிவில் என்ன இருக்கவேண்டும்?

வன்னியிலிருந்து வரும் முன்மொழிவுகளில் மிகவும் வழமையான தலைப்பு இது. நல்ல தலைப்புத்தான். திரும்பி வருவதற்கும் சில வழமையான காரணங்கள் உண்டு.

முதலாவது, தலைப்பின் அகலம். காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கப்போவதாக ஒரு எம்.எஸ்சி. முன்மொழிவு சொன்னால் குழு அதை நம்பாது. ஒரு பிரதேச செயலர் பிரிவு, ஒரு நீர்ப்படை, இரண்டு பருவம், நான்கைந்து அளவீடு என்று சுருக்குங்கள். மாரிக்கு முன்னும் பின்னும் எடுக்கவேண்டும். வடகீழ்ப் பருவமழை நீர்மட்டத்தை உயர்த்திச் செறிவை மாற்றிவிடும். ஒரு பருவத்து எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்லமுடியாது.

இரண்டாவது, கருவிக்கும் கேள்விக்கும் பொருத்தமின்மை. குடிநீரில் ஆசனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம், கட்மியத்துக்கு 3. சாதாரண சுவாலை அணு உறிஞ்சல் கருவியால் ஆசனிக்கை இந்த மட்டத்தில் அளக்கமுடியாது. ஐதரைட்டு இணைப்போ காரீய (கிராபைற்று) உலையோ ஐ.சி.பி. எம்.எஸ். கருவியோ வேண்டும். அது கிடைக்காத துறையில் இந்தத் தலைப்பைக் கொடுத்தால், எல்லா மாதிரிக்கும் "கண்டறியப்படவில்லை" என்று எழுதிவிட்டு உட்காரவேண்டியதுதான். புளோரைட்டு அப்படியல்ல. அயன் தேர்வு மின்வாய் ஒன்றும் டிசாப் தாங்கற் கரைசலும் இருந்தால் போதும். மாதிரியும் தாங்கற் கரைசலும் சமகனவளவு, பிஎச் 5க்கும் 5.5க்கும் இடையில். தாங்கற் கரைசலைத் தவிர்த்தால் அலுமினியமும் இரும்பும் புளோரைட்டைப் பிடித்துவைத்துக்கொள்ள, உண்மையைவிடக் குறைந்த எண் வரும். புளோரைட்டுக்கு வழிகாட்டி எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், நைத்திரேற்றுக்கு 50.

மூன்றாவது, போத்தல். எல்லா அளவீட்டுக்கும் ஒரே போத்தலில் நீர் எடுப்பதுதான் மிக அதிகம் நடக்கும் பிழை. உலோகத்துக்கான நீரை 0.45 மைக்கிரோமீற்றர் வடியில் வடித்து, நைத்திரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே கொண்டுவரவேண்டும். அப்படிச் செய்தால் ஆறு மாதம் வைக்கலாம். அதே போத்தலில் நைத்திரேற்று அளந்தால் நீங்கள் விட்ட அமிலத்தையே அளக்கிறீர்கள். இருகாபனேற்றும் போய்விட்டிருக்கும். நைத்திரேற்றுக்கு அமிலம் விடாத தனிப் போத்தல், 4 பாகை செல்சியஸ் குளிர், 48 மணிநேரத்துக்குள் அளவீடு. புளோரைட்டுக்குக் கண்ணாடி வேண்டாம், பொலித்தீன் போத்தல். பிஎச்சும் கடத்துதிறனும் கிணற்றடியிலேயே. துணுக்காயில் காலை எடுத்த நீரைப் பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோவதென்றால் பனிக்கட்டிப் பெட்டிக்கும் அதை மாற்றி நிரப்பும் இடத்துக்கும் திட்டம் எழுதுங்கள். இதை எழுதிய முன்மொழிவு எங்கும் தனியாகத் தெரியும்.

பத்து மாதிரிக்கு ஒரு இரட்டை, ஒவ்வொரு களநாளுக்கும் ஒரு வெற்று மாதிரி. முக்கிய அயன்கள் எல்லாம் அளந்தபின் நேரேற்றமும் மறையேற்றமும் 5 வீதத்துக்குள் சமப்படுகின்றனவா என்று பாருங்கள். 10 வீதத்தைத் தாண்டினால் எங்கோ பிழை. ஆய்வேட்டில் பரிசோதகர் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

ஆட்களின் இரத்தமோ சிறுநீரோ எடுப்பதாக இருந்தால் ஒழுக்கவியல் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். காட்டுப் பகுதிக்குள் போவதென்றால் வனத்திணைக்களத்தின் அனுமதி. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் ஒரு மாதிரிக்காகவும் இறங்கவேண்டாம், புள்ளியை வரைபடத்தில் நகர்த்துங்கள்.

பணம்?

பாடநெறிக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விண்ணப்பம், பதிவு, வருடாந்தப் பதிவுப் புதுப்பிப்பு, நூலகம், ஆய்வுகூடக் கட்டணம், பரீட்சை, ஆய்வேடு சமர்ப்பிப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எம்.பில். இழுபட்டால் வருடாந்தப் புதுப்பிப்புத்தான் ஏறிக்கொண்டே போகும். பாடநெறி எம்.எஸ்சி.க்கு உதவித்தொகை அரிது. ஆய்வுப் பட்டத்துக்குப் பணம் பெரும்பாலும் மேற்பார்வையாளரின் மானியத்தில் இருந்து வருகிறது. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்றவை கொடுக்கும் மானியத்தில் ஆய்வு உதவியாளர் இடம் இருந்தால் பத்திரிகையிலும் துறையின் பக்கத்திலும் விளம்பரம் வரும்.

அமெரிக்காவில் எம்.எஸ்சி. இல்லாமல் நேரடியாக பிஎச்.டி. என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இரசாயனவியலில் அங்கே அதுதான் வழமை. நான்கு வருடப் பட்டத்தோடு பிஎச்.டி.க்கு எடுப்பார்கள். வழமையாக ஐந்து வருடம், சிலருக்கு ஆறு. கற்பித்தல் உதவியாளராக முதல் வருட மாணவரின் செய்முறை வகுப்பை எடுக்கவேண்டும், வாரத்துக்கு 20 மணி வரை. அதற்குப் பதிலாகப் பாடக் கட்டணம் தள்ளுபடியும் மாதப்படியும். முதல் பருவத்தில் பாடங்களோடு ஆய்வுக் குழுக்களைச் சுற்றிப் பார்த்து மாணவர் ஒரு மேற்பார்வையாளரைத் தெரிவுசெய்வார். இரண்டாம் வருடமளவில் தகுதிப் பரீட்சை. அதில் தவறினால் முதுமாணியோடு வெளியேறவேண்டிவரலாம். தனி முதுமாணிக்கு அங்கே பணம் கிடைப்பது குறைவு.

முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. ஆங்கிலப் பரீட்சையை செப்டெம்பருக்குள் எழுதிவிடுங்கள். டோஃபெல், ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். கற்பித்தல் உதவியாளருக்குப் பேச்சுப் பகுதியில் தனிக் குறைந்தபட்சம் கேட்பார்கள், மொத்தப் புள்ளி போதும் என்று நம்பியிருந்தவர்கள் அங்கேதான் தவறுகிறார்கள். பட்டப்பின் அனுமதிப் பரீட்சையான ஜி.ஆர்.ஈ.யின் இரசாயனவியல் பாடப் பரீட்சை 2023இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய குறிப்புப் புத்தகத்தை வாங்கவேண்டாம். பொது ஜி.ஆர்.ஈ.யைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. அனுமதிக் கடிதம் வந்தால் மாதப்படி 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு, பாடக் கட்டணம் தவிர்ந்த மாணவர் கட்டணங்கள் எவ்வளவு என்பவற்றைப் பாருங்கள். உதவித்தொகையோடு வரும் அனுமதிக்குப் பதில் சொல்ல ஏப்பிரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பட்டிருக்கின்றன. அதற்கு முன் அவசரப்படுத்தினால் அதைக் குறிப்பிட்டு மரியாதையாக அவகாசம் கேட்கலாம்.

மற்ற நாடுகள்?

இந்தியாவில் முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இருக்கிறது, கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக விண்ணப்பிக்கவேண்டும். ஜப்பானின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் தூதரகம் ஊடாகவும் பல்கலைக்கழகம் ஊடாகவும் வருகிறது, 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் பாடக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு முடக்கப்பட்ட வங்கிக்கணக்கில் வருடச் செலவைக் காட்டவேண்டும், 2024 செப்டெம்பரில் அது 11,904 யூரோ ஆனது.

ஆவணங்களில் என்ன பிரச்சினை வரும்?

பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் ஒரு எழுத்துக்கூட்டல், பல்கலைக்கழகம் இன்னொன்று, கடவுச்சீட்டு மூன்றாவது. தகப்பனார் பெயர் பட்டச் சான்றிதழில் முதலெழுத்தாகவும் கடவுச்சீட்டில் முழுதாகவும் இருக்கும். பட்டச் சான்றிதழ் அச்சாகுமுன் துறையில் உங்கள் பெயரைச் சரிபார்க்கத் தருவார்கள். அப்போது கடவுச்சீட்டில் உள்ளபடி ஆக்கிவிடுங்கள், பின்னர் திருத்துவது பெரும் அலைச்சல். கடவுச்சீட்டே இன்னும் எடுக்கவில்லையென்றால் வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. பட்டச் சான்றிதழின் எழுத்துக்கூட்டலைப் பார்த்தே அங்கே படிவத்தை நிரப்புங்கள்.

இடப்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்தவர்கள் பலர். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பதிவேடே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவேண்டும், அதற்குக் காலம் எடுக்கும் என்பதால் இதை முதல் வேலையாகத் தொடங்குங்கள். சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் இணையவழியில் கேட்கலாம்.

எம்.பில். ஏன் இவ்வளவு இழுபடுகிறது?

ஆய்வை முடித்துவிட்டு எழுதலாம் என்று நினைப்பதால். அறிமுகமும் முறைகளும் முதல் வருடத்திலேயே எழுதக்கூடியவை. கருவி பழுதாகி உதிரிப்பாகம் வரக் காத்திருக்கும் மாதங்கள் கட்டாயம் வரும், அவற்றை எழுத்துக்கு ஒதுக்குங்கள். ஆறு மாத முன்னேற்ற அறிக்கையைச் சடங்காகப் பார்க்கவேண்டாம். மேற்பார்வையாளர் வெளிநாடு போனாலோ மாறினாலோ உங்கள் பதிவைக் காப்பாற்றும் எழுத்து ஆதாரம் அதுதான்.

முடித்தால் வன்னியிலேயே வேலை இருக்குமா?

கொஞ்சம். ஆனையிறவு உப்பில் இருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போருக்கு முன் இந்தப் பகுதியின் இரசாயனவியலாளர்களுக்கு ஒரு பெரிய இடம். இன்று தேடவேண்டியவை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, விவசாய ஆராய்ச்சி நிலையங்கள், வன்னிக்கு வெளியே யாழ்ப்பாணம் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவி. கடைசியாகச் சொன்னதற்கு முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ முதலில் பார்க்கப்படும். எம்.எஸ்சி. அந்த வகுப்பை மாற்றாது. ஆகவே இன்னும் இறுதி வருடத்தில் இருப்பவர், பட்டப்பின் படிப்பைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியை மிச்சமிருக்கும் பாடங்களுக்குக் கொடுங்கள்.